ஆள் குறைந்த பாலையில் முதலீடும் சுற்றுலாவும்: ஜெய்சல்மேரை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஜெய்சல்மேர் பக்கம் ரயிலில் போய்விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "எவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது!" அதன் பின்னாலேயே அடுத்த பேச்சும் வந்துவிடும். ஏக்கர் கணக்கில் வாங்கிப் போட்டு சோலார் வைக்கலாம், இல்லாவிட்டால் நாலு கூடாரம் அடித்து ரிசார்ட் நடத்தலாம் என்பார்கள். முதலீட்டு மாநாட்டு மேடைகளிலும் இதே பேச்சுதான் சற்றுப் பளபளப்பாகக் கேட்கிறது. இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. பாலைவனத்தில் போட்ட பணம் மணலில் ஊற்றிய தண்ணீர் என்பது அவர்கள் முடிவு. இரு தரப்பினரும் நிலத்தையே பார்த்துப் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல். மக்கள் அடர்த்தி குறைந்த ஒரு பாலைப்பகுதியில் தொழில் நிற்குமா விழுமா என்பதை நிலம் தீர்மானிப்பது அரிது. எவை தீர்மானிக்கின்றன, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பொருளாதாரம் படித்திராதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்ப்போம்.

ஒரு கேரளம் அளவு நிலம், ஒரு நடுத்தர நகரத்தின் ஆட்கள்

ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டியிருக்கும் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 38,400 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதும் ஏறக்குறைய இதே அளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 3 கோடியே 34 லட்சம் பேர் இருந்தார்கள்; ஜெய்சல்மேர் மாவட்டத்தில் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 17 பேர் என்று கணக்கு வருகிறது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 555.

சராசரி ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர் மட்டுமே பெய்யும் ஊர் இது. கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். பாலை என்றதும் நம் மனக்கண்ணில் எழும் மணற்குன்றுகள் இம்மாவட்டத்தின் ஒரு பகுதியில்தான் உள்ளன. பெரும் பரப்பு கல்லும் சரளையும் புதர்ச்செடியும் கலந்த சமவெளி. வடக்கே பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து கிளம்பும் இந்திரா காந்தி கால்வாய் 649 கிலோமீட்டர் ஓடி இம்மாவட்டத்து மோகன்கட் வரை வந்து சேர்ந்தது 1987-ல். அதற்கு முன் இப்பகுதி முழுக்க மழையையும் கிணற்றையும் நம்பியே இருந்தது. கால்வாய் எட்டாத ஊர்களில் இன்றும் ஏறத்தாழ அதே நிலைதான்.

அரிசி நிறைய, உளுந்து ஒரு படி

நான்கு படி இட்லி அரிசிக்கு ஒரு படி உளுந்து போடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டில் நாற்பது படி அரிசி இருக்கிறது; உளுந்து ஒரே ஒரு படிதான். எத்தனை இட்லி வரும்? நான்கு படி அரிசிக்கு உரிய இட்லிதான் வரும். மீதி முப்பத்தாறு படி அரிசி மூட்டையிலேயே கிடக்கும். அரிசி விலை பாதியானாலும், இன்னொரு மூட்டை இலவசமாக வந்தாலும், இட்லியின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது.

ஒரு வேலைக்குத் தேவையான பல பொருள்களில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே மொத்த விளைவின் அளவைத் தீர்மானிக்கிறது. இதைக் கட்டுப்படுத்தும் காரணி என்பார்கள். பாலைவனத்தில் நிலம்தான் அரிசி. உளுந்து எது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். சூரிய மின்சாரத்துக்கு அது பெரும்பாலும் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் கம்பி; சுற்றுலாவுக்கு நாள்களும் தண்ணீரும்; கடைக்கும் பட்டறைக்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கை. "நிலம் மலிவு" என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது, அரிசி மலிவு என்று ஒருவர் சொல்வதாக எடுத்துக்கொண்டு, உளுந்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

சூரிய மின்சாரம்: வெயிலும் வெளிச்சமும்

வெயில் கொளுத்தும் இடத்தில் சோலார் பலகை அதிக மின்சாரம் தரும் என்ற நம்பிக்கையை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பலகையின் வெப்பநிலை 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை குறைகிறது. மே மாத நண்பகலில் ஜெய்சல்மேரில் ஒரு பலகையின் மேற்பரப்பைத் தொட முடியாது. அந்த நேரத்தில் அது தன் முழுத் திறனில் ஓடுவதில்லை. மேற்கு ராஜஸ்தானின் சிறப்பு அதன் தெளிந்த வானம். மேகமில்லா நாள்கள் அதிகம் என்பதால் ஆண்டு மொத்தத்தில் விழும் வெளிச்சம் அதிகம். இதற்கிடையே தூசி ஒரு பக்கம் பலகையை மூடிக்கொண்டே இருக்கும்; அடிக்கடி கழுவ இங்கே தண்ணீர் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை விட்டு, தண்ணீரின்றித் துடைக்கும் தானியங்கித் துடைப்பான்களுக்குப் பல சோலார் பூங்காக்கள் மாறிவிட்டதற்குக் காரணம் அதுவே.

அடுத்த தவறு மெகாவாட் என்ற சொல்லில் இருக்கிறது. நாள் முழுவதும் ஸ்டாண்டில் நின்றாலும் ஆறு மணி நேரம் மட்டுமே சவாரி கிடைக்கும் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாவாட் சோலார் நிலையம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் தரும். இரவும் காலையும் மாலையும் தூசியும் போக, நல்ல இடத்தில்கூட உண்மையில் கிடைப்பது அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதாவது 20 முதல் 22 லட்சம் யூனிட். முழு அளவில் எத்தனை பங்கு உண்மையில் கிடைக்கிறது என்ற இந்த வீதமே திறன் பயன்பாட்டு வீதம். யாராவது மெகாவாட் எண்ணை மட்டும் சொன்னால் அது ஆட்டோவின் விலையைச் சொன்னது போலத்தான். சவாரிக் கணக்கு இன்னும் வரவில்லை.

மதகு சிறியதானால்

ஏரி நிறைந்திருக்கிறது, மதகு சிறியது. வயலுக்குப் போகும் தண்ணீரின் அளவை ஏரி தீர்மானிக்காது, மதகுதான் தீர்மானிக்கும். மிச்சம் கலிங்கில் வழிந்தோடும். மின்சாரத்திலும் இப்படித்தான் நடக்கிறது. பாலையில் விளையும் மின்சாரத்தைப் பயன்படுத்த அங்கே ஆள் இல்லை, ஆலை இல்லை. தில்லிக்கோ, அதைத் தாண்டியோ கொண்டுபோக வேண்டும். அதற்கு உயர் அழுத்தக் கம்பிகளும் துணைமின்நிலையங்களும் வேண்டும். சோலார் நிலையத்தை ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் கட்டி முடித்துவிடலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி போடுவதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கிறது. இந்த இடைவெளியில், நல்ல வெளிச்சமுள்ள நண்பகலில் "உற்பத்தியைக் குறையுங்கள்" என்ற உத்தரவு நிலையங்களுக்கு வருகிறது. உற்பத்திக் குறைப்பு எனப்படும் இந்த நிலையை அண்மை ஆண்டுகளில் ராஜஸ்தானின் பல நிலையங்கள் சந்தித்திருக்கின்றன. அன்று கலிங்கில் வழிந்தது திரும்பி வராது.

ஜெய்சல்மேருக்குக் கிழக்கே சில மணி நேரப் பயணத்தில், பலோடிப் பக்கம் பட்லா சோலார் பூங்கா இருக்கிறது. சுமார் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட். 2017 மே மாதம் அப்பூங்காவின் ஒரு பகுதிக்கு நடந்த ஏலத்தில் யூனிட் விலை 2 ரூபாய் 44 காசு வரை இறங்கியது. அந்நாளில் இந்தியாவில் அதுவே மிகக் குறைந்த விலை. அந்த விலைக்கு ஒப்புக்கொள்ள நிறுவனங்களுக்குத் துணிவு வந்ததற்கு வெளிச்சம் ஒரு காரணம்தான். பூங்காவுக்குள் நிலம், சாலை, துணைமின்நிலையம் ஆகியவை முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன; விற்பனைக்கு 25 ஆண்டு கொள்முதல் ஒப்பந்தம் இருந்தது. குறிப்பிட்ட விலைக்குக் குறிப்பிட்ட காலம் வரை வாங்கிக்கொள்கிறேன் என்று மின்சாரம் வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் உறுதியே கொள்முதல் ஒப்பந்தம். கம்பியும் ஒப்பந்தமும் உள்ள தரிசு நிலத்தோடு இவை இரண்டும் இல்லாத தரிசு நிலத்தை ஒப்பிட்டு விலை பேசுவது வீண்வேலை.

அந்தக் கம்பிக்கும் ஒரு குறுக்கீடு வந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு பறவை. தமிழில் கானமயில் என்றும் ராஜஸ்தானில் கோடாவண் என்றும் அழைக்கப்படும் பறவை, ஆண் பறவை 15 கிலோ வரைகூட எடை இருக்கும். முன்பக்கப் பார்வை குறுகியது. எதிரில் கம்பி இருப்பதைக் கடைசி நொடியில்தான் காண்கிறது. அவ்வளவு எடையோடு திரும்பவும் முடிவதில்லை. உலகில் எஞ்சியிருக்கும் கானமயில்களில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் சுற்றுவட்டாரத்தில்தான் வாழ்கின்றன. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இப்பறவையின் வாழிடங்களில் மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்க உத்தரவிட்டது. உயர் அழுத்தக் கம்பிகளை அப்படிப் பதிப்பது நடைமுறையில் கடினம் என்று அரசு முறையிட்டபின், 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொதுவான உத்தரவைத் திருத்தி, எங்கே எப்படிச் செய்வது என்று ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. இந்த மூன்றாண்டுகளில் இப்பகுதியில் கம்பி போடும் திட்டம் வைத்திருந்த ஒவ்வொருவரும் தம் கணக்கை மாற்றி எழுத வேண்டியிருந்தது. நிலப்பத்திரத்தைப் பார்த்து மட்டும் இதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: சூரிய மின்சாரத்தில் நிலத்துக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லை, கம்பியில் இடம் கிடைப்பது, வாங்குபவர் எழுதித் தரும் ஒப்பந்தம், கம்பி போகும் வழியில் உள்ள உயிர்கள் ஆகிய மூன்றும்தான் உளுந்து.

முகூர்த்த நாள் கணக்கு

கல்யாண மண்டபம் நடத்துபவரைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 365 நாள் இருந்தாலும் அவருக்கு வருமானம் தருவது முகூர்த்த நாள்கள் மட்டுமே. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். ஆனால் கடன் வட்டி, சொத்து வரி, காவலாளி சம்பளம் எதுவும் ஆடி மாதத்துக்கு நிற்காது. ஆண்டு முழுவதற்கான செலவைச் சில பத்து நாள்களின் தலையில் ஏற்றியாக வேண்டும். வாடகை ஏன் அவ்வளவு என்பதன் ரகசியம் அதுதான்.

பாலைவனக் கூடார விடுதியும் இப்படிப்பட்ட ஒரு மண்டபம்தான். ஜெய்சல்மேரில் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சோடு முடிகிறது. தீபாவளி விடுமுறையில் குஜராத்திகள், பூஜை விடுமுறையில் வங்காளிகள், டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லோரும். வங்காளிகள் இவ்வளவு தொலைவிலிருந்து வருவதற்கு 1974-ல் சத்யஜித் ராய் இயக்கிய 'சோனார் கெல்லா' படம் ஒரு காரணம் என்பது ஊர் அறிந்த செய்தி. கோட்டையில் எடுக்கப்பட்ட அந்தப் படம் இன்னும் ஆள் கூட்டிவந்துகொண்டிருக்கிறது.

கணக்குக்காக ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, வழி மட்டும் உண்மை. முப்பது கூடாரம், பருவம் 150 நாள், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் ஆண்டுச் செலவு 45 லட்சம். இவ்வாறு ஆள் வரவைச் சாராத செலவை நிலைச்செலவு என்கிறோம். எல்லாக் கூடாரமும் எல்லா இரவும் நிரம்பினால் 4,500 கூடார இரவுகள். ஒவ்வோர் இரவும் 1,000 ரூபாய் நிலைச்செலவைச் சுமக்கும். பாதிதான் நிரம்பியது என்றால் அது 2,000 ஆகிறது. சமையல், பரிமாறல், டீசல் எல்லாம் இதற்கு மேல். இருக்கும் அறைகளில் எத்தனை பங்கு உண்மையில் விலைபோனது என்பதைக் குறிப்பதே அறை நிரம்பல் வீதம். இந்த வீதம் பத்து விழுக்காடு ஏறினாலோ இறங்கினாலோ ஏற்படும் விளைவு, நிலத்தை ஏக்கருக்கு எவ்வளவு மலிவாக வாங்கினீர்கள் என்பதன் விளைவைவிடப் பல மடங்கு பெரியது.

எல்லை அருகில் இருப்பதையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குள் செல்ல வெளிநாட்டவருக்கு முன் அனுமதி தேவை. 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதலின்போது வட, மேற்கு இந்தியாவின் பல விமான நிலையங்கள் பயணிகளுக்கு மூடப்பட்டன; ஜெய்சல்மேரும் அவற்றில் ஒன்று. அது மே மாதம் என்பதால் விடுதிக்காரர்கள் பிழைத்தார்கள். டிசம்பரில் நடந்திருந்தால் ஓர் ஆண்டு வருமானமே போயிருக்கும்.

கோட்டைக்குள் ஏறிய தண்ணீர்

சுற்றுலாவில் ஆள்கள் கூடிக்கொண்டே போனால் நல்லதுதானே என்ற கேள்விக்கு ஜெய்சல்மேர் கோட்டையே விடை வைத்திருக்கிறது. 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டிய இக்கோட்டை, மஞ்சள் மணற்கல்லால் ஆன 99 கொத்தளங்களோடு திரிகூட மலைமேல் நிற்கிறது. ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளுள் ஒன்றாக 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மதில்களுக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சந்துகளில் மாடு நிற்கிறது, வாசலில் துணி காய்கிறது, பக்கத்து வாசலில் விடுதிப் பலகை தொங்குகிறது.

இக்கோட்டையின் அடித்தளம் கெட்டியான பாறை இல்லை. மணற்கல்லும் களிமண் கலந்த மென்மையான அடுக்குகளும் சேர்ந்தது. குடத்தில் தண்ணீர் சுமந்து அளந்து செலவழித்த காலம் வரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. குழாய் வந்தது, வீடுகள் விடுதிகளாயின, ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் கழிவறையும் வந்தன. பழைய, கசியும் சாக்கடை வழியே தண்ணீர் மலைக்குள் இறங்கி, களிமண் அடுக்கை இளக்கியது. மதிலின் சில பகுதிகள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் (World Monuments Fund) என்ற அமைப்பு வெளியிடும் ஆபத்துக்குள்ளான நினைவுச்சின்னங்கள் பட்டியலில் 1996-லேயே இது இடம்பெற்றுவிட்டது. பாலைவனத்துக் கோட்டை தண்ணீர் மிகுந்து சரிகிறது என்பதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. மதிலடியில் ஈரம் பூத்துக் கல் உதிர்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஓர் இடம் தனக்குக் கேடு வராமல் எத்தனை பேரை, எவ்வளவு பயன்பாட்டை ஏற்றுக்கொள்ளும் என்ற எல்லையே தாங்குதிறன். இதைத் தலைகளை எண்ணிச் சொல்லிவிட முடியாது. கோட்டையின் தாங்குதிறன் வருபவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே நகரத்தில் தங்குபவரும் மேலே ஷவரில் குளிப்பவரும் ஒரே சுற்றுலாப் பயணி அல்லர்.

ஓட்டைப் பானையும் ஒட்டகக்காரரும்

சுற்றுலா வந்தால் ஊர் செழிக்கும் என்பார்கள். எவ்வளவு பணம் வந்தது என்பதையும் எவ்வளவு ஊரில் தங்கியது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர்த் திருவிழாவில் ராட்டினக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் வெளியூரிலிருந்து வந்து, கூட்டம் கலைந்ததும் பணத்தோடு மூட்டை கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு வட்டாரத்துக்குள் வந்த பணம் அங்கே சுற்றாமல் உடனே வெளியேறுவதே வருவாய்க் கசிவு.

ஜெய்சல்மேர் அருகே சம் என்னும் ஊரின் மணல்மேட்டில் ஒரு தம்பதி ஓரிரவுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இதுவும் கற்பனைக் கணக்குதான். இணையப் பதிவுத் தளத்தின் கமிஷன் இரண்டாயிரம். வெளியூரிலிருந்து வரும் காய்கறி, பாட்டில் தண்ணீர், டீசல் இரண்டாயிரத்து ஐந்நூறு. வெளியூர் முதலாளியின் லாபமும் அவர் கடனுக்கு வட்டியும் இரண்டாயிரம். வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் சமையற்காரருக்கும் பணியாளருக்கும் ஆயிரம். மிஞ்சும் இரண்டாயிரத்து ஐந்நூறில்தான் ஒட்டகக்காரர், ஜீப் ஓட்டுநர், துணி துவைப்பவர், மாலையில் வந்து பாடும் மாங்கணியார் கலைஞர்கள் அனைவரும். மாங்கணியார்கள் பரம்பரைப் பாடகர்கள். புரவலர் வீட்டுப் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடி வாழ்ந்தவர்கள், இன்று பருவம் முழுக்க கமாய்ச்சா என்ற வில்வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போகிறார்கள்.

அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு அங்கேயே நிற்பதில்லை. ஒட்டகக்காரர் அதில் ஒரு பங்கை உள்ளூர்க் கடையில் செலவிடுகிறார், கடைக்காரர் அதில் ஒரு பங்கைத் தச்சருக்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் நான்கு பங்கு ஊருக்குள்ளேயே செலவானால், கடைசியில் ஊரில் மொத்தமாக நடந்த வருமானம் 4,200 ரூபாயை நெருங்கும். இதற்குப் பெருக்க விளைவு என்று பெயர். தொடக்கத்தில் தங்கும் தொகையை இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் ஆக்கினால் மொத்தம் 8,300-ஐத் தாண்டிவிடும். ஒரு பயணிகூடக் கூடவில்லை. பானையின் ஓட்டைதான் அடைபட்டது.

ஆனால் ஆள் குறைந்த இடத்தில் ஓட்டையை அடைப்பது கடினம், இங்குதான் அந்தச் சதுர கிலோமீட்டருக்கு 17 பேர் என்ற எண் மறுபடி வருகிறது. மருந்துக்கடையோ மொத்தக் காய்கறிக் கடையோ ஜீப் பட்டறையோ நடக்கக் குறைந்தது இத்தனை வாடிக்கையாளர் வேண்டும் என்ற அளவு ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அந்த எண்ணிக்கை ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சுற்றியே கிடைத்துவிடும். ஜெய்சல்மேரில் அதே எண்ணிக்கையைச் சேர்க்க எத்தனையோ கிலோமீட்டர் வட்டம் போட வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் பருவம் ஆறு மாதம்தான். எனவே கடை உருவாவதில்லை, பொருள் வெளியிலிருந்து வருகிறது, பணம் வெளியே போகிறது. சோலார் நிலையங்களுக்கும் இது பொருந்தும். கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும்; கட்டி முடித்தபின் காவலுக்கும் துடைப்பதற்கும் கண்காணிப்புக்கும் சிலர் போதும்.

சுருக்கமாக: முதலீட்டின் தொகையும் ஊருக்குக் கிடைக்கும் பயனும் ஒன்றல்ல, இடையில் கசிவு என்ற கழித்தல் இருக்கிறது, மக்கள் குறைந்த இடத்தில் அந்தக் கழித்தல் பெரிது.

தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

தமிழில் புறம்போக்கு என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி எல்லோருக்கும் தெரியும். ஊரின் மேய்ச்சலுக்கும் ஏரிக்கும் பாதைக்கும் பொதுவாக விடப்பட்ட நிலத்தைக் குறித்த வருவாய்த் துறைச் சொல், காலப்போக்கில் வசைச்சொல் ஆகிவிட்டது. வரி கட்டாத நிலம் மதிப்பில்லாத நிலமாகவும் ஆயிற்று. பாலைவனத்திலும் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றிருக்கும் நிலத்தில் பல வேலைகள் நடக்கின்றன.

அவற்றில் ஒன்று கடீன். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஜெய்சல்மேர் பகுதிப் பாலிவால் பிராமணர்கள் வளர்த்தெடுத்த வேளாண்முறை இது. இன்று பாழூராகக் கிடந்து பேய்க்கதையால் பயணிகளை இழுக்கும் குல்தாரா அவர்களுடைய ஊர்தான். சரளை நிறைந்த சரிவு நிலத்தின் கீழ்ப்பக்கத்தில் நீளமாக ஒரு மண்கரை எழுப்புகிறார்கள். எப்போதோ பெய்யும் மழை, சரிவு முழுவதும் வழிந்து கரைக்கு முன் தேங்குகிறது. நாள்போக்கில் மண்ணுக்குள் இறங்குகிறது. நீர் வற்றியதும் அந்த ஈரத்தில் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைக்கிறார்கள். பிறகு ஒரு வாளி தண்ணீர்கூடப் பாய்ச்சுவதில்லை. இதற்குத் தேவைப்படும் நிலக்கணக்குதான் முக்கியம்: பயிர் விளையும் ஓர் ஏக்கருக்கு, தண்ணீர் வழிந்து வர ஏறத்தாழ பதினைந்து ஏக்கர் சரிவு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு ஓர் ஏக்கர் வயலும் பதினைந்து ஏக்கர் சும்மா கிடக்கும் நிலமும் தெரியும். உழவருக்குப் பதினாறு ஏக்கரும் ஒரே வயல். அந்தச் சரிவில் சாலை போட்டாலும், பலகை நட்டுத் தரையைச் சமன் செய்தாலும், கீழே கரையை யாரும் தொடாமலே வயல் செத்துவிடும்.

இன்னொன்று ஓரன். உள்ளூர்த் தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட காப்புக்காடு. நம்மூர்க் கோயில்காடு போல. மரம் வெட்டக் கூடாது, கால்நடை மேயலாம். ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரன் போன்றவை ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புள்ளவை. ஆடும் ஒட்டகமும் கானமயிலும் அவற்றை நம்பி வாழ்கின்றன. இவற்றில் பல நிலங்கள் பதிவேட்டில் ஓரன் என்று எழுதப்படாமல் அரசுத் தரிசாகவே இருப்பதால், மின் திட்டங்களுக்கு ஒதுக்கப்படும்போது ஊரார் எழுந்து நிற்கிறார்கள். இதை வளர்ச்சிக்கு எதிரான போராட்டம் என்று எழுதுபவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒட்டகத்துக்கு மேய்ச்சல் இல்லாவிட்டால் சுற்றுலா முதலாளியின் ஒட்டகச் சவாரிக்கும் ஒட்டகம் இல்லை. 2012-ல் நாட்டில் நான்கு லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன.

நிலம் பார்க்கப் போகிறவருக்கு

பெரும்பாலானோர் ஜனவரியில் போகிறார்கள். இதமான வெயில், நிரம்பிய விடுதிகள், பாட்டு, கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில். அதே இடத்துக்கு மே மாதம் ஒருமுறை போக வேண்டும். எந்த விடுதி பூட்டியிருக்கிறது, பணியாளர்கள் எங்கே போய்விட்டார்கள், தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, புழுதிக் காற்றுக்குப் பின் பலகைகள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். காற்றாலைகள் மட்டும் அந்த மாதங்களில் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கோடையும் தென்மேற்குப் பருவமும்தான் அவற்றின் முகூர்த்தம். ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் ஜெய்சல்மேரைச் சுற்றி நிற்பதற்கு அந்தக் காற்றே காரணம்.

மூன்றாவது பயணம் ஆகஸ்டில், நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள். விற்பவர் காட்டிய வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நேற்றுவரை வெறும் சரளையாக இருந்த இடத்தில் விரல்விரலாகத் தண்ணீர் ஓடிய தடம் இருக்கும். அது எந்தக் கரையை நோக்கிப் போகிறது, அந்தக் கரை யாருடையது என்று அவர் சொல்வார். உங்கள் நான்கு எல்லைக்கல்லும் அந்தத் தடத்தின் எந்தப் பக்கம் விழுகின்றன என்பதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.